குனோங் தாகான் மலைப்பயணம்: அந்த வழிகாட்டிக்காகவே போகலாம்

தீபகற்ப மலேசியாவின் ஆக உயரமான மலை குனோங் தாகான். 2,187 மீட்டர். நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதின்மூன்று தடவை அடுக்க வேண்டும். ஆனால் உயரத்தைவிட அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் பெரிது. பகாங், கிளந்தான் மாநிலங்களின் எல்லையில், தாமான் நெகாரா தேசியப் பூங்காக் காட்டின் ஆழத்தில் இருக்கிறது. சாலை பக்கத்திலேயே வராது.

இங்கிருந்து ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் சிறிய ஏற்பாட்டாளர் ஒருவருடன், மலையடிவார ஊரான மெராபோ வழியாக, வழக்கமான நான்கு நாள் திட்டத்தில் போனோம். வேன், அனுமதி, கூடாரம், சாப்பாடு எல்லாம் கட்டணத்தில் சேர்த்தி. வேன் நேரத்துக்கு வந்தது, அதில் குறை இல்லை. ஆனால் கொடுத்த காசுக்கு உண்மையான மதிப்பு மெராபோவில் வந்து சேர்ந்துகொண்ட வழிகாட்டிதான். எல்லாரும் அவரை அபாங் (மலாயில் அண்ணன்) என்றே கூப்பிட்டோம்.

ஏறுவதற்கு முன்பே பூங்கா அலுவலகத்தில் பையைப் பிரித்து, மேகி பாக்கெட் முதல் பிளாஸ்டிக் பை வரை எழுதிக்கொள்கிறார்கள். திரும்பும்போது அத்தனையும் கணக்குக் காட்ட வேண்டும். அபாங் அதை எங்களுக்கு முன்பே சொல்லி, வேண்டாத உறைகளை மெராபோ ஊரிலேயே கழற்றவைத்தார்.

கீழே வழக்கமான மழைக்காடு: பெரிய மரங்கள், ஈரம், அட்டை. குபாங் முகாமைத் தாண்டியதும் பாசி மரத்தைச் சுற்றிக்கொள்கிறது. போன்சாய் முகாமில் மரங்கள் நம் தோளுக்குக்கூட வரவில்லை. ஏன் இப்படி என்று தம்பி ஒருவன் கேட்டான். அபாங் குனிந்து பாதையிலிருந்து ஒரு பிடி எடுத்து அவன் உள்ளங்கையில் போட்டார். வெள்ளை மணல், கடற்கரையில் அள்ளியது மாதிரி! தித்திவாங்சா மலைத்தொடர் கருங்கல். தாகானோ மணற்கல்லும், குவார்ட்சைட் என்ற இறுகிய மணற்பாறையும். அது உதிர்ந்து மணலாகிறது, இருக்கும் கொஞ்சநஞ்சச் சத்தையும் மழை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. காற்றும் குளிரும் வேறு. அதனால்தான் மரம் வளர மாட்டேன் என்கிறது. பக்கத்திலேயே தரையோடு தரையாகக் குடுவைச் செடிகள். ஒன்றின் மூடியை மெல்லத் தூக்கிக் காட்டினார். உள்ளே நீரில் எறும்புகள் கரைந்துகொண்டிருந்தன. மண் தராத சத்தை அந்தச் செடி பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. இதையெல்லாம் அவர் மூச்சு வாங்காமல் மலாயில் சொல்ல, நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டோம்.

சாப்பாட்டிலும் அக்கறை இருந்தது. சைவம் என்று முன்கூட்டியே சொன்ன அக்காவுக்குத் தனிச் சட்டியில் பருப்பு வைத்தார்கள். அவர் சிங்கப்பூர்த் தேக்காவில் வாங்கி வந்த ரசப்பொடியில் முகாம் முழுக்க ரசம் குடித்தோம். அந்தக் குளிருக்கு அது தேவாமிர்தம்.

இப்போது குறை. ஏற்பாட்டாளர் அனுப்பிய பட்டியலில் ‘மெல்லிய ஜாக்கெட்’ என்றுதான் இருந்தது. உச்சியை ஒட்டிய திறந்த முகட்டில் இரவுக் காற்றுக்கு அது எந்த மூலைக்கு? கம்பளி உடை, உலர்ந்த மாற்றுக் காலுறை என்று தெளிவாக எழுத வேண்டும். ஆளும் அதிகம். முன்னால் போகிறவர்களுக்கு அபாங் சொன்ன எதுவும் பின்னால் வந்தவர்கள் காதில் விழவில்லை. இன்னொரு வழிகாட்டியைச் சேர்த்துக் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் நான் கொடுப்பேன்.

போகிறவர்கள் நவம்பர், டிசம்பர் மழையைத் தவிருங்கள். பதியும்போதே, மெராபோ வழிகாட்டி யார் என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.