கம்பளிச் சாயம் என்று கொடுத்தால் பார்த்து வாங்குங்கள்

மதுரை வெயிலுக்குக் கம்பளிச் சாயம் தேடி வருகிறவர்கள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? கொடைக்கானலுக்கு எடுத்துப்போகிற ஸ்வெட்டர், யாரோ வடக்கேயிருந்து கொண்டுவந்த சால்வை, அவ்வளவுதான். அதனாலேயே கடைக்காரர்கள் எதையாவது கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்.

தம்பி ராணுவத்தில் இருந்தபோது ஸ்ரீநகரிலிருந்து அம்மாவுக்கு வாங்கி வந்த பஷ்மினா சால்வை, பழுப்பேறி ஓரத்தில் காபிக் கறையோடு கிடந்தது. அரக்கு நிறம் ஏற்றலாம் என்று விளக்குத்தூண் பக்கம் ஒரு சாயக்கடைக்குச் சால்வையையே கொண்டுபோய்க் காட்டினேன். "ஆட்டு முடிதானேக்கா, அதுக்குத் தனிச் சாயம் இருக்கு" என்று உள்ளேயிருந்து பெயர், கம்பெனி எதுவும் இல்லாத கவர் ஒன்று வந்தது. கூடவே 'நிறம் பிடிக்கிற உப்பு' என்று வெள்ளைப் பொடிப் பொட்டலம். 420 ரூபாய். நன்றாகக் கொதிக்கவிட்டுக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். பில் கேட்டால் மெஷின் ரிப்பேராம்.

அப்படியே செய்தேன். கைக்குள் நழுவுகிற சால்வை மிதியடி மாதிரி தடித்து, சுருங்கி, இழை இழையோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. நிறமும் திட்டுத்திட்டாக. அலச அலசச் சிவப்புத் தண்ணீர் நிற்கவில்லை.

திரும்பப் போனால், "துணி டூப்ளிகேட்டா இருக்கும்க்கா" என்றார். அதுதான் ஆத்திரம்.

எங்கள் தெருவில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் சால்வை ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினார். முடி கருகும் நாற்றம். சாம்பல் விரலில் பொடிந்தது. செயற்கை இழையென்றால் உருகிக் கெட்டியாக உருண்டிருக்கும். அடுத்து அந்த 'உப்பின்' மேல் கொஞ்சம் வினிகர் விட்டார். புஸ்ஸென்று நுரைத்தது. "சோடாம்மா இது. பருத்திச் சாயத்துக்குப் போடுறது. கம்பளியைச் சோடாவுல கொதிக்க வெச்சா என்ன ஆகும்?"

பட்டுக்குப் போடுகிற ஆசிட் சாயம்தான் கம்பளிக்கும் சரிவரும் என்றார். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நன்றாக ஊறவைத்து, சாயத்தோடு வினிகரோ எலுமிச்சை உப்போ சேர்த்து, மெதுவாகச் சூடேற்ற வேண்டும். ஆவி பறக்கலாம், கொதிக்கக் கூடாது. அரைமணி நேரம் அந்தச் சூட்டிலேயே வைத்து, பாத்திரத்திலேயே ஆறவிட வேண்டும். கிண்டவே கூடாது, எப்போதாவது மெல்லப் புரட்டிவிட்டால் போதும். சூட்டோடு கிண்டுவதும் சேர்ந்தால் கம்பளி இழை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். அந்தப் பாத்திரம் அப்புறம் சமையலுக்கு ஆகாது.

கடைக்காரர் பணத்தைத் தரமாட்டேன் என்கிறார், வேண்டுமானால் இன்னொரு கவர் தருவாராம். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். நல்லவேளை, யுபிஐ-யில் கட்டியதால் பணம் போனதற்காவது அத்தாட்சி இருக்கிறது. மிச்சச் சோடாவையும் கவரையும் எறியாமல் வைத்திருக்கிறேன். இதே மாதிரிப் பெயரில்லாத கவரும் வெள்ளைப் பொடியும் உங்களிடம் இருந்தால், துணியை நனைப்பதற்கு முன்னால் அந்தப் பொடியின் மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள்.