அடி இறக்கத்துக்கு அல்ட்ராசவுண்டா, எம்.ஆர்.ஐ.யா?

லாரித் தண்ணீரைக் குடம் குடமாக மாடிக்குத் தூக்கிய எங்கள் தண்டையார்பேட்டைப் பெண்களில் எத்தனையோ பேர் அடி இறக்கத்தை, அதாவது மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் போன்றவை யோனிப் பக்கம் கீழே இறங்குவதை, வெளியே சொல்லாமலே காலத்தை ஓட்டுகிறார்கள். துணிந்து டாக்டரிடம் போய், ஆபரேஷன் வரை பேச்சு வந்துவிட்டால் அடுத்த கேள்வி இது: இவற்றைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசை எப்படி இருக்கிறது என்று பார்க்க அல்ட்ராசவுண்டை நம்பலாமா, எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டுமா? நான் அல்ட்ராசவுண்ட்தான் எடுத்தேன், இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

செலவு, நேரம், எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் இருக்கும் சத்தம் எல்லாம் தெரிந்த கதை, விடுங்கள். டாக்டர் கையால் பார்க்கும் பரிசோதனைதான் முதல் படி, அதிலும் சந்தேகமில்லை. ஆனால் யோனியின் பின்பக்கச் சுவரில் ஒரு புடைப்பு தெரிந்தால், அது மலக்குடல் தள்ளுவதா, சிறுகுடல் இறங்கியதா என்று வெளியிலிருந்து பார்த்துப் பல நேரம் பிரிக்க முடியாது. அதற்குப் படம் வேண்டும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: முக்குவது. இறக்கம் முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் குறைந்தது 6 விநாடியாவது நன்றாக அடிப்பக்கம் முக்க வேண்டும். சிறுநீர் கசிந்துவிடுமோ, காற்று பிரிந்துவிடுமோ என்ற கூச்சத்தில் நாம் முக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டே தசையை இறுக்கிவிடுகிறோம். அப்படி இறுக்கினால் உள்ளே இருக்கும் இறக்கம் பாதிதான் காட்டும், ரிப்போர்ட்டும் 'லேசானது' என்று வரும். அல்ட்ராசவுண்டில், கையுறை மாட்டிய, வயிற்றுக்கு வைக்கும் அதே வளைந்த ப்ரோபை (ஸ்கேன் கருவியின் கைப்பிடியை)த் தொடை நடுவில் வெளியே வைத்துத்தான் எடுக்கிறார்கள். திரையில் மூத்திரப்பை கீழே வராமல், பின்னால் இருக்கும் தசை முன்னால் இழுத்துக்கொண்டது தெரிந்ததும் டாக்டரம்மா, "இறுக்காதீங்கம்மா, மலம் போற மாதிரி முக்குங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சரியாக வந்தபோது மூத்திரப்பை இடுப்பெலும்பின் கீழ் விளிம்பைத் தாண்டி இறங்கியதை நானே பார்த்தேன்.

குழாய்க்குள் நான் போனதில்லை, ராயபுரத்தில் இருக்கும் நாத்தனார் போனார், அவர் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன். ஸ்பீக்கரில் "முக்குங்க" என்று குரல் வந்ததாம், சரியாகச் செய்தாரா என்று கடைசி வரை யாரும் சொல்லவில்லையாம். நன்றாகச் சொல்லிக்கொடுத்து எடுக்கும் இடமும் இருக்கலாம்.

அப்புறம் தசை பிய்ந்திருக்கிறதா என்பது. இடுக்கி (ஃபோர்செப்ஸ்) போட்டு எடுத்த பிரசவத்தில் இந்தத் தசை எலும்பிலிருந்தே பிய்ந்து வர வாய்ப்பு அதிகம், பிய்ந்திருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகும் இறக்கம் திரும்பி வரலாம். முப்பரிமாண அல்ட்ராசவுண்டில் தசையை இறுக்கச் சொல்லி, அந்தப் படத்தை 2.5 மி.மீ. இடைவெளியில் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். முக்கும்போது தசைகளுக்கு நடுவே உள்ள திறப்பு 25 சதுர செ.மீ.க்கு மேல் போனால் அளவுக்கு மீறி விரிகிறது என்று கணக்கு. பழகியவர்கள் இருவர் ஒரே படத்தைத் தனித்தனியாக அளந்தால் இந்தத் திறப்பின் அளவு பெரிதாக மாறுவதில்லை. படம் சேமிப்பில் இருப்பதால் வேறொருவர் பிறகு அளந்தும் பார்க்கலாம். மூத்திரப்பைக் கழுத்து எவ்வளவு இறங்குகிறது என்பது அவ்வளவு உறுதியான அளவு இல்லை, பை எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எவ்வளவு பலமாக முக்கினோம் என்பதைப் பொறுத்து மாறும். முன்பு சிறுநீர்க் கசிவைத் தடுக்க உள்ளே நாடா வைத்து ஆபரேஷன் செய்தவர்களுக்கும் அல்ட்ராசவுண்ட்தான் நல்லது. அந்த நாடா இதில் பளிச்சென்று தெரியும், எம்.ஆர்.ஐ.யில் தேட வேண்டியிருக்கும்.

எம்.ஆர்.ஐ. ஜெயிக்கும் இடமும் உண்டு. கட்டி, புரைவழி (உறுப்புகளுக்கு நடுவே உண்டாகும் தவறான ஓட்டை) என்று சந்தேகம் வந்தால், அல்லது இடுப்புக்குள் மேலே ஆழமாகப் பார்க்க வேண்டுமென்றால் அதையே எடுங்கள்.

நம் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு ஸ்கேன் சென்டர்தான், ஆனால் எல்லாரும் இதை எடுப்பதில்லை. உள்ளே ப்ரோப் விட்டு எடுக்கும் ஸ்கேனில் கர்ப்பப்பை நார்மல் என்று வந்தால் அடித்தசையும் நார்மல் என்று அர்த்தமில்லை. அந்த ப்ரோபே இறங்கும் சுவரைத் தாங்கிப் பிடித்துவிடும். அதனால் போகும் முன் போன் போட்டு, வெளியிலிருந்து முக்கச் சொல்லி எடுப்பீர்களா, முப்பரிமாணம் உண்டா என்று கேளுங்கள். நிறையத் தண்ணீர் குடித்து மூத்திரத்தை அடக்கிக்கொண்டு வரச் சொன்னால் அவர்கள் சொல்வது வயிற்று ஸ்கேனை. இதற்கு மூத்திரப்பையைக் காலி செய்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.