குயில்ட் அடிக்கக் குடுக்க முதல் இதை ஒருக்கா வாசிச்சிட்டு போங்கோ

குயில்ட் எண்டா துண்டு துணி இணைச்ச மேல் துணி, நடுவில பஞ்சு, கீழ அடித்துணி எண்டு மூண்டு தட்டு உள்ள போர்வை, அந்த மூண்டையும் சேத்து தைக்கிறதுதான் அடிக்கிறது. நுகேகொடை பக்கம் வீட்டிலயே அதுக்கெண்டே இருக்கிற பெரிய லோங்ஆர்ம் மெஷின் வச்சு குயில்ட் அடிச்சுக் குடுக்கிற ஒரு சிங்கள அக்காட்ட ரெண்டு குயில்ட் குடுத்து எடுத்திட்டன், எப்பிடி எண்டு கனபேர் கேட்டீங்கள், அதான் எழுதுறன்.

முதலாவது ரொரன்ரோவில இருக்கிற என்ர அக்கான்ர மகளுக்கு தைச்சது, 60க்கு 72 அங்குலம். கொழும்பு வெக்கைக்கு இங்க யார் போத்துறது, அங்க பிள்ளைக்கு தேவைப்படும் எண்டுதான். மேல் தட்டு முழுக்க கைத்தறி துண்டும் பத்திக் துண்டும், நானே வெட்டி பொருத்தி ஆறு மாசம் தைச்சன். ஆனா மூண்டு தட்டையும் சேத்து அடிக்கிறதுக்கு வீட்டு மெஷின் சரிவராது, அந்த சின்ன இடைவெளிக்குள்ள அவ்வளவு துணியையும் சுருட்டி தள்ளி தைச்சா தோள்மூட்டு போயிடும்.

நான் செய்த முதல் பிழை, மேல் துணி, வோடிங் பஞ்சு, அடித்துணி மூண்டையும் ஒண்டா வச்சு கையால நீட்டுத் தையல் போட்டு பொருத்தி கொண்டு போனது. அந்த சிங்கள அக்கா பாத்திட்டு "அனே நங்கி" (ஐயோ தங்கச்சி) எண்டு மெஷினடிக்கு கூட்டிக்கொண்டு போய் காட்டினா. பெரிய கட்டில் சட்டம் மாதிரி ஒண்டு, உருளைகள் இருக்கு, அடித்துணியை ஒரு உருளையில, மேல் துணியை இன்னொண்டில தனித்தனியா பூட்டி, பஞ்சை நடுவில விரிச்சு விடுறது, பிறகு மெஷின் தலைதான் துணிக்கு மேல ஓடித் திரியும். அதால மூண்டையும் தனித்தனியாத்தான் குடுக்க வேணும். நான் ரெண்டு நாள் இருந்து போட்ட தையல் எல்லாத்தையும் அங்கேயே இருந்து பிரிச்சன்.

அதை விட பெரிய பிரச்சினை போடர், மேல் துணிக்கு சுத்திவர வச்சு தைக்கிற கரைத்துண்டு. நான் எல்லாரையும் போல நீளத் துண்டை கரையில வச்சு தைச்சுக்கொண்டே போய் கடைசியில மிச்சத்தை வெட்டினனான். வீட்டு மேசையில ஒண்டும் தெரியேல்ல. அக்கா துணியை தரையில விரிச்சு அளவு நாடாவை நடுவால பிடிச்சா, 72 அங்குலம். அப்பிடியே நாடாவை தூக்கி கரையில வச்சா, 74½. ரெண்டரை அங்குலம் கூட. உள்ளங்கையால கரையை தடவிக் காட்டினா, தண்ணி அலை மாதிரி எழும்பி எழும்பி நிக்குது. உருளையில பூட்டினா அந்த மிச்சத் துணிக்கு போக இடமில்லை, மடிப்பா விழுந்து அதுக்கு மேலயே தையல் ஓடிடும், பிறகு எந்த அயனாலயும் எடுக்கேலாது. அதால போடர் வைக்க முதல் மேல் துணியின்ர நடுவையும், நடுவுக்கு ரெண்டு பக்கமும் அளந்து, அந்த மூண்டின்ர சராசரிக்கு போடரை வெட்டி, நடுவும் ரெண்டு நுனியும் ஊசி குத்திப்போட்டுத்தான் தைக்க வேணும்.

அண்டைக்கு அவ காசை வாங்கிக்கொண்டு அடிச்சுத் தந்திருக்கலாம், எனக்கு வித்தியாசமும் தெரிஞ்சிருக்காது. ஆனா வாங்கேல்ல, போடரை கழட்டி திருப்பி தைச்சுக்கொண்டு வா எண்டு அனுப்பிட்டா. இந்த ஒரு விசயத்துக்காகவே நான் இவவை எல்லாருக்கும் சொல்லுவன்.

அடித்துணியும் பஞ்சும் நாலு பக்கமும் 4 அங்குலம் கூட இருக்க வேணும், அப்ப என்ர குயில்டுக்கு 68க்கு 80. புறக்கோட்டையில வாங்கிற கொட்டன் பெரும்பாலும் 44, 45 அங்குல அகலம்தான், ரெண்டு துண்டை இணைக்காம ஏலாது. நிலைக்குத்தா இணைச்சா நாலரை யார் வேணும், குறுக்கா இணைச்சா 68 அங்குலத்தில ரெண்டு துண்டு, நாலு யாருக்குள்ள முடியும், குறுக்குத் தையல் உருளையில நேராவும் சுத்தும் எண்டா. இணைக்க முதல் ஓரத்தில இருக்கிற தடிச்ச கரையை வெட்டி எறியுங்கோ, அது சுருங்கி இழுக்கும். அரை அங்குலம் விட்டு தைச்சு தையலை விரிச்சு அயன் பண்ணுங்கோ, மூலை நாலும் சதுரமா இருக்கோ எண்டும் பாருங்கோ.

நூல் விசயம் சின்னன் எண்டு விடாதீங்கோ. வெள்ளைத் துணிக்கு கீழ ஒரு கறுப்பு நூல் துண்டு கிடந்தாலும் அடிச்ச பிறகு தலைமயிர் மாதிரி தெரியும், என்ரயில ஒரு கட்டத்தில இன்னும் இருக்கு. துண்டு இணைச்ச தையல் மேல் துணியின்ர கரை வரைக்கும் வாற மாதிரி இருந்தா சுத்திவர எட்டிலொரு அங்குலத்தில ஒரு தையல் ஓடிவிடுங்கோ, இழுபடேக்க பிரியாது. மேல் பக்கம் எது எண்டு ஒரு கடதாசி குத்தி விடுங்கோ. சிவப்பு கைத்தறி இருந்தா ஈர வெள்ளைத் துணியை வச்சு அயனால அமத்திப் பாருங்கோ, எனக்கு ரோஸ் கலர் ஒட்டினது, நல்லகாலம் தைக்க முதல்.

காசு சதுர அங்குலக் கணக்கு. என்ர அளவு 4320 சதுர அங்குலம், அதால சதுர அங்குலத்துக்கு ஒரு ரூபா கூடினாலே 4320 ரூபா கூடும், அடிக்கிற தையல் டிசைன் தெரிவு செய்ய முதல் கேளுங்கோ. முழுக்க ஒரே மாதிரி ஓடுற டிசைன் மலிவு, கட்டத்துக்கு கட்டம் வேற டிசைன் எண்டா விலை ஏறும்.

குறையும் சொல்ல வேணும். மூண்டு கிழமை எண்டவ, அஞ்சு கிழமை எடுத்தா, வட்சப்பில கேட்டா ரெண்டு நாளைக்கு பதில் இல்லை, பார்சல் அனுப்ப நாள் பாத்துக்கொண்டிருந்த எனக்கு சரியான கவலையா போச்சு. முதல் குயில்டில ஒரு மூலையில பின் பக்கம் நூல் வளையம் வளையமா தொங்கினது, காட்டின உடன பிரிச்சு திருப்பி அடிச்சுத் தந்தா, அதுக்கு காசு எடுக்கேல்ல.

மழை நாளில த்ரீவீலில போறதெண்டா மடிக்காம சுருட்டி பெரிய சொப்பிங் பேக்கில போடுங்கோ, மடிச்சா அயன் பண்ணினது வீண். திருப்பி வரேக்க சுத்திவர பஞ்சும் அடித்துணியும் வெட்டாமத்தான் தருவா, ஓரத்தை மூடித் தைக்கிற கரைப்பட்டி அவ தைக்க மாட்டா, அது எங்கட வேலை. 60க்கு 72க்கு ரெண்டரை அங்குலப் பட்டி 7 வெட்டினா காணும், அதே துணியிலயே கேட்டு எடுத்து வையுங்கோ, பிறகு கடைக்கு போனா அந்த நிறம் கிடைக்காது.