சென்னை – சான் பிரான்சிஸ்கோ: தூரம் காட்டும் தளங்களை எவ்வளவு நம்பலாம்?

மகள் அந்தப் பக்கம் குடிபோன பிறகு, டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பறக்கும் நேரமும் சொல்லும் தளத்தைத் திறப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பல வருஷமாகப் பார்த்ததில் சொல்கிறேன்: கிலோமீட்டரை நம்பலாம், மணிக்கணக்கை அப்படியே நம்ப முடியாது.

சென்னையையும் சான் பிரான்சிஸ்கோவையும் கொடுத்தால் சுமார் 13,900 கி.மீ. என்று வரும். பூகோள உருண்டைமேல் நூல் பிடித்து அளந்தது போன்ற கணக்கு. எந்தத் தளத்தில் பார்த்தாலும் பெரிதாக மாறாது. அப்புறம் மணிக்கு 850, 900 கி.மீ. என்று ஒரு வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்து, 16, 17 மணி நேரம் என்று போட்டுவிடுவார்கள். மீனம்பாக்கத்திலிருந்து அங்கே நேரடி விமானமே இல்லையே!

அதனால் ஒவ்வொரு கட்டமாகத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். துபாய் வழி 2,930 + 13,040. கிட்டத்தட்ட 16,000 கி.மீ. சிங்கப்பூர் வழி சுமார் 16,500. பிராங்க்பர்ட் வழி 7,600 + 9,150, அதாவது 16,750. தூரம் குறைவு என்று துபாயைப் பிடித்தால், இரண்டாவது விமானத்தில் ஒரே மூச்சில் 16 மணி நேரம் உட்கார வேண்டும். பிராங்க்பர்ட் வழியில் அது பத்தும் பதினொன்றுமாகப் பிரிந்துவிடுகிறது. முழங்கால் வலிக்காரியான என் மனைவிக்கு அந்தக் கூடுதல் 750 கி.மீ. ஒரு பொருட்டே இல்லை.

இந்தத் தளங்கள் கணக்கில் எடுக்காத இன்னொன்று காற்று. பசிபிக் மேலே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்றோட்டம் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும். 15 மணி நேரத்தில் போய்விடலாம். திரும்பும்போது எதிர்க்காற்று, ஒன்றரை இரண்டு மணி நேரம் கூடும். தளமோ இரண்டு திசைக்கும் ஒரே எண்ணைக் காட்டுகிறது. விமான நிறுவனத்தின் அட்டவணையில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதிலுள்ள நேரம் விமானம் வாசலை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனை வாசலில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் அடக்கம்.

நடு இரவு விமானத்துக்காகத் தாம்பரத்தில் ராத்திரி பத்து மணிக்கே கிளம்புவது, இடையில் மூன்று நான்கு மணி நேரக் காத்திருப்பு, குடிநுழைவு வரிசை எல்லாம் சேர்த்தால் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு ஒரு நாளைத் தாண்டிவிடும். பக்கத்து வீட்டு மாமி கேட்டால் "முப்பது மணி நேரம்னு வெச்சுக்கோங்க" என்றுதான் சொல்கிறேன்.

நேர வித்தியாசத்திலும் கவனம் வேண்டும். கலிபோர்னியாவில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். கோடையில் நாம் பன்னிரண்டரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் பதிமூன்றரை. அழைத்துப்போக வருபவருக்கு நாமாகக் கூட்டிக் கழித்து எதுவும் சொல்ல வேண்டாம். டிக்கெட்டில் உள்ள உள்ளூர் நேரத்தையே அனுப்பிவிடுங்கள்.