நஜஃபில் ஒரு நாள்: வழிகாட்டிக்கு நாலு ஸ்டார்

இராக்கின் நஜஃபுக்குப் போனால் நபிகளின் மருமகன் அலீயின் தர்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், ஷியா மத அறிஞர் முஹம்மது பாகிர் அல்-சத்ரின் கதையைச் சொல்லிக்கொண்டே கூட்டிப்போகும் ஆளாகப் பிடியுங்கள். எங்களுக்கு அமைந்தவர் பெரியவர், ஆங்கிலம் சுமார், ஆனால் விஷயம் தெரிந்தவர். காலையில் ஒரு மணி நேரம் தாமதம், மன்னிப்பும் கிடையாது, ஒரு ஸ்டார் அங்கேயே போச்சு.

சத்ர் 1935-இல் பிறந்தவர், இருபத்தைந்து வயதுவாக்கிலேயே தத்துவத்திலும் பொருளாதாரத்திலும் கனமான நூல்கள் எழுதியவர், தாவா என்ற இஸ்லாமியக் கட்சி உருவாகக் காரணமானவர், சதாம் ஹுசைனின் ஆளும் பாத் கட்சியில் சேர்வது ஹராம் (மதப்படி கூடாதது) என்று ஃபத்வா, அதாவது மதத் தீர்ப்பு, கொடுத்தவர். சதாம் சும்மா இருப்பாரா? 1979 ஜூனில் கைது செய்தபோது தங்கை பின்த் அல்-ஹுதா நேராகத் தர்காவுக்குப் போய்க் கூட்டத்திடம் முறையிட, ஊரே கொதித்தது, விட்டுவிட்டார்கள். மறு வருஷம் ஏப்ரலில் அண்ணன், தங்கை இருவரையுமே கொன்றார்கள். அவருடைய உடலை இரவோடு இரவாக நஜஃபில் புதைத்தார்கள், தங்கையின் உடலைக் குடும்பத்திடம் கொடுக்கவே இல்லை. இதைச் சொல்லும்போது பெரியவர் குரல் தணிந்துவிட்டது.

அப்புறம் வாதி அல்-சலாம் மயானம். செங்கல் கல்லறைகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை, நடுவே ஒற்றை ஆள் நுழையும் சந்து. நல்ல செருப்பு போட்டுப் போங்கள், மத்தியான வெயில் ஆகாது. முடிவில் வாங்கிக் கொடுத்த காய்ந்த எலுமிச்சை டீ, புளிப்பும் லேசான கசப்புமாக, பிரமாதம்.