திருகோணமலையைச் சுற்றிப் பார்க்க: வழிகாட்டி நடையா, மெல்ல நடக்கும் குழுவா?

திருகோணமலைக்கு வருபவர்களில் பலர் பஸ் நிலையத்திலேயே ஓட்டோ பிடித்துவிடுகிறார்கள். கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி என்று ஒரே நாளில் முடிந்துவிடும். தூர இடங்களுக்கு அதுதான் சரி. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு நடந்து போகச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஊர் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டுமென்றால் நடக்கத்தான் வேண்டும். அதிலும் இரண்டு வகை உண்டு.

ஒன்று, வழிகாட்டியின் பின்னால் போகும் மரபு நடை. பிரெட்ரிக் கோட்டைக்குள் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் மலைக்கோயிலை இடித்துக் கோட்டை கட்டியதும், பிறகு அது ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறியதும், 1803இல் பிரெட்ரிக் என்ற பெயர் வந்ததும் சும்மா பார்த்தால் தெரியாது. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரோடு கடலில் மூழ்கிய மைக் வில்சனும், கோயில் நிற்கும் சுவாமி மலையடிக் கடலில் பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்ட கதையையும் யாராவது சொன்னால்தான் உண்டு. குறை என்னவென்றால், வழிகாட்டி கை காட்டும் பக்கமே எல்லோரும் பார்ப்பார்கள். போன மாதம் இடித்த வீடு அவர் கதையில் வராது.

மற்றது, ஆறேழு பேர் சேர்ந்து ஒரே தெருவை இரண்டு மணி நேரம் பார்ப்பது. தலைவர் என்று யாரும் இல்லை. கடலோரமாகப் போகும் டைக் வீதியை எடுங்கள். பழைய ஓட்டு வீடு, பக்கத்தில் விருந்தினர் விடுதி, நடுவே ஒரு மதில். மதிலில் பாதி சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்து நிற்கிறது, மீதி புதுச் சீமெந்துக் கல். வளவை எங்கே பிரித்து விற்றார்கள் என்று அந்த ஒட்டு காட்டிவிடுகிறது. குழுவில் ஒரு வயதானவர் இருந்தால், "ஐயா, இதில முன்னம் என்ன இருந்தது?" என்று கேட்கலாம். கிணறு இருந்த இடம்கூட வரும்.

ஊருக்குள் திரியும் மான்களையும் பாருங்கள். வழிகாட்டி அவற்றைக் கோட்டையின் அழகு என்று காட்டுவார். மெல்ல நடப்பவர்கள், பஸ் நிலையப் பக்கம் வந்து மரக்கறிக் கழிவோடு பொலித்தீனையும் மெல்லும் மானைக் காண்பார்கள். புல் எங்கே போனது என்ற கேள்வி அங்கேதான் எழும்.

இந்த நடை ஒரே ஆட்களால் நிறைந்துவிட்டால் பயனில்லை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழும் ஊர் இது. ஒரு பகுதியினர் மட்டும் நடந்தால் தெருவின் ஒரு பங்கு நினைவுதான் கிடைக்கும். அதற்காக, எப்போது இடம்பெயர்ந்தீர்கள் என்று வாசலில் நின்று யாரையும் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நினைவு பிசகும், ஆண்டுகளைப் பிறகு சரிபாருங்கள். தனியாக நடப்பதும் நல்லதுதான், ஆனால் ஒழுங்கைகளுக்குள் பெண்களுக்குக் குழுவே வசதி.

ஒரு நாள் மட்டும் நிற்பவர் வழிகாட்டியோடு கோட்டைக்குப் போகட்டும். இங்கேயே வாழ்பவருக்கு நான் சொல்வது மெல்ல நடக்கும் குழுவைத்தான், அதே தெருவுக்குச் சில மாதங்கள் கழித்துத் திரும்பவும் போகும்படி. சுடச்சுட வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுங்கள். கோட்டையில் இன்னும் இராணுவம் இருக்கிறது, துறைமுகப் பக்கம் கடற்படை. அந்த இடங்களில் போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் குறிப்புப் புத்தகத்தை மட்டும் எடுங்கள்.