பச்சை டிக் காட்டுது, லோகோ எங்கே? மின்னஞ்சல் சோதனைக் கருவியுடன் இரண்டு வருடம்

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். "உங்க மெயில் வந்தா பேருக்குப் பக்கத்துல லோகோ தெரியுதே, அதையெல்லாம் எதை வெச்சு சரிபார்க்கிறீங்க? நானும் அதையே வாங்கிடட்டுமா?" வாங்குங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. மின்னஞ்சல் சோதனைக் கருவி ஒன்றுக்கு இரண்டு வருடமாகச் சந்தா கட்டுகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

டொமைன் பெயரைக் கொடுத்தால் எஸ்பிஎஃப் (எந்தச் சர்வர்கள் நம் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலில் விழும் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்ப்பது), டிமார்க் (சோதனையில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்ற பாலிசி), பிமி (லோகோ எங்கே இருக்கிறது என்று சொல்வது) என நாலு பதிவுகளையும் டொமைனின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் இந்தக் கருவி தேடிப் படித்து, சரியாக இருந்தால் பச்சை டிக் போடும். அந்தப் பச்சை டிக்தான் என் பிரச்சினை.

லோகோ தெரிய டிமார்க் பாலிசி 'நன்' (ஒன்றும் செய்யாதே) என்று இருந்தால் போதாது, 'குவாரன்டைன்' (ஸ்பாமில் போடு) அல்லது 'ரிஜெக்ட்' (ஏற்காதே) என்று இருக்க வேண்டும். கருவி மற்ற மூன்றுக்கும் பச்சை காட்டி, பாலிசியைக் கடுமையாக்கச் சொன்னது. மாற்றினேன். உடனே நாலும் பச்சை. மேலே பெரிய எழுத்தில் 'உங்கள் டொமைன் தயார்' என்று வேறு வந்தது. அந்த வாரம் நாங்கள் அனுப்பிய செய்திமடல் ஒட்டுமொத்தமாக ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழுந்தது.

கருவியை மறுபடி ஓட்டினேன், நாலும் பச்சை. கடைசியில் எனக்கே வந்த பிரதியைத் திறந்து, ஜிமெயிலில் மெயிலின் மூல வடிவத்தில் ஹெடரை, அதாவது அனுப்பிய விவரங்கள் இருக்கும் மேல்பகுதியைப் பார்த்தேன். எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், அதற்கடுத்தே டிமார்க் ஃபெயில். இரண்டும் பாஸ் ஆகி மூன்றாவது எப்படி ஃபெயில் ஆகும் என்று நெடுநேரம் முழித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் டிகிம் வரியில் இருந்த டொமைன் கண்ணில் பட்டது. அது எங்களுடையது இல்லை, செய்திமடலை அனுப்பித் தரும் சேவையுடையது. எஸ்பிஎஃப் சரிபார்க்கும் ரிட்டர்ன் பாத்தும் (போய்ச் சேராத மெயில் திரும்பி வரும் முகவரி) அவர்களுடையதே. அனுப்புநர் முகவரியில் தெரியும் டொமைனோடு இந்த இரண்டில் ஒன்றாவது பொருந்தினால்தான் டிமார்க் ஏற்றுக்கொள்ளும். சேவைக்காரர்கள் கொடுத்த இரண்டு சிநேம் பதிவுகளை (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் டிஎன்எஸ் பதிவு) சேர்த்து, எங்கள் டொமைன் பெயரிலேயே கையெழுத்து விழும்படி செய்ததும் சரியாகிவிட்டது.

டிஎன்எஸ்ஸை மட்டும் படிக்கும் கருவிக்கு உண்மையில் போகும் மெயில் கண்ணில் படாது. அது அதன் குற்றமில்லை. பாலிசியை மாற்றுவதற்கு முன் சில வாரமாவது, மெயிலைப் பெறும் சேவைகள் அனுப்பும் டிமார்க் அறிக்கைகளைப் பார்த்திருக்க வேண்டியது என் கடமை. ஆனால் பார்க்காத ஒன்றுக்கும் சேர்த்து 'தயார்' என்று ஏன் சொல்ல வேண்டும்? 'ஒரு மெயில் அனுப்பி ஹெடரைப் பாருங்கள்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி இரண்டு முறை எழுதினேன். இன்னும் சேர்க்கவில்லை.

லோகோ கோப்பிலும் நாலு நாள் போனது. அது எஸ்விஜி என்ற படக்கோப்பு வகை. கருவி 'செல்லாத எஸ்விஜி' என்பதோடு நிறுத்திக்கொண்டது. நோட்பேடில் திறந்து பார்த்தால், வரைகலை மென்பொருள் முதல் டேகிலேயே எக்ஸ், ஒய் என்று இரண்டு மதிப்புகளைத் தானாகச் சேர்த்திருந்தது. பிமி கேட்கும் 'டைனி பிஎஸ்' என்ற எஸ்விஜி வகையில் அவை கூடாது. கட்டாயம் இருக்க வேண்டிய டைட்டில் டேகோ இல்லவே இல்லை. இப்போது எந்த வரியில் தவறு என்று சொல்லுகிறார்கள், அதைப் பாராட்ட வேண்டும்.

இதைவிடப் பெரிய பாராட்டு அதன் கண்காணிப்புக்கு. டிமார்க் அறிக்கைகள் எக்ஸ்எம்எல் கோப்புகளாக வரும், வெறும் கண்ணால் படித்து மாளாது. அவற்றை அட்டவணையாக்கித் தந்ததால்தான், இணையதளத்தின் தொடர்புப் படிவம் டிகிம் கையெழுத்தே இல்லாமல் ஹோஸ்டிங் சர்வரிலிருந்து மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. இன்னொரு நாள் சக ஊழியர் புதுச் சேவைக்காக இரண்டாவது எஸ்பிஎஃப் பதிவு ஒன்றைத் தனியாகப் போட்டுவிட்டார். ஒரே டொமைனுக்கு இரண்டு இருந்தால் எஸ்பிஎஃப் மொத்தமாகவே செல்லாது. அன்று காலையே எச்சரிக்கை வந்தது. பத்து நிமிடத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன்.

நண்பரிடம் வணிகமுத்திரைப் பதிவு இல்லை. அதனால் பதிவான முத்திரைக்குக் கொடுக்கும், லோகோ நம்முடையதே என்று உறுதிசெய்யும் விஎம்சி சான்றிதழ், நாங்கள் வைத்திருப்பது, அவருக்குக் கிடைக்காது. 2024 முதல், முத்திரைப் பதிவு கேட்காத சிஎம்சி சான்றிதழையும் ஜிமெயில் ஏற்கிறது. அதற்கு லோகோ குறைந்தது 12 மாதமாவது பொதுவெளியில் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும், ஜிமெயிலில் விஎம்சிக்கு அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் வரும் நீல டிக் மட்டும் வராது. அதை அவரிடம் சொன்னேன்.

கருவியைப் பற்றிக் கேட்டதற்கு, வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். முதலில் ஒரு மெயிலின் ஹெடரைத் திறந்து படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். "அப்போ நீங்க நிறுத்திட்டீங்களா?" என்றார். இல்லை, போன மாதம்தான் இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்தேன். அந்த எச்சரிக்கை இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. ஆனாலும் 'தயார்' என்ற அந்த வார்த்தையை நம்பச் சொல்லி இன்னொருவரிடம் நீட்ட மனம் வரவில்லை.